குதிரைக்கு வெள்ளையடிக்கும் ஊர்

எங்கள் ஊரான டேபரில் பள்ளிக்கூட வாசலில் ஒரு சிமெண்டுக் குதிரை நிற்கிறது. முன்னங்கால்களைத் தூக்கி, வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. ஊரை உண்டாக்கிய அப்சலோம் பியூரிஃபாய் அந்தக் குதிரையில்தான் பறந்து வந்தாராம். ஏப்ரல் மாதம் ஊர்நாள் வருவதற்கு முன் வருஷா வருஷம் அதற்கு வெள்ளையடிப்பார்கள். அடித்து அடித்து மூஞ்சி தடித்துப்போய், இது குதிரையா பசுவா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கும் நிலைமைக்கு வந்துவிட்டது. அப்படிக் கேட்டவர்களை நாங்கள் சாப்பிடச் சொல்வதில்லை.

நான் வெர்லீன் டப்ஸ். அந்தப் பள்ளியில் நான்காம் வகுப்பு டீச்சர். ஓக்லஹோமாவில் கறுப்பர்களே கட்டி, கறுப்பர்களே வாழ்ந்து, இன்னும் அழியாமல் மிச்சமிருக்கிற சில ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. பெருமையாகச் சொல்லவேண்டிய விஷயம்தான். ஆனால் பெருமையாகச் சொல்வதற்கென்றே எங்களிடம் லேமுவேல் பியூரிஃபாய் இருக்கிறார். அப்சலோமின் கொள்ளுப்பேரன். சர்ச்சில் பாதிரியாருக்கு அடுத்த பொறுப்பில் இருக்கும் டீக்கன், பள்ளி நிர்வாகக் குழுவுக்குத் தலைவர். அவர் பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டுப் போகவேண்டியதுதான்.

ஊர்நாளன்று என் வகுப்புப் பிள்ளைகள் ஓடவேண்டும். 1889-ல் அரசாங்கம் இந்த நிலத்தைத் திறந்துவிட்டபோது, வந்தவர்களையெல்லாம் எல்லைக் கோட்டில் நிறுத்தி, நண்பகலில் துப்பாக்கி வெடித்து ஓடவிட்டது. ஓடிப்போய் எந்த மனையில் யார் முதலில் முளைக்குச்சி அடிக்கிறார்களோ, அது அவர்களுக்கு. அதைத்தான் பிள்ளைகள் நடித்துக் காட்டுவார்கள். சர்ச்சுக்குப் பின்னால் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, நிலத்தைக் கயிறு கட்டிப் பிரித்திருப்போம். ஓடையோரம் இருக்கும் மூலை மனை அப்சலோமுடையது. அதில் முதலில் குச்சி நடும் பிள்ளையின் குடும்பம் அந்த வருஷ ஊர்வலத்தில் முதல் வண்டியில் உட்காரும்.

முதல் வண்டியில் எப்போதும் பியூரிஃபாய்கள்தான். ஒவ்வொரு நான்காம் வகுப்பிலும் ஒரு பியூரிஃபாய் இருப்பதைக் கர்த்தர் பார்த்துக்கொண்டார். அவர்கள் ஜெயிப்பதை நாங்கள் பார்த்துக்கொண்டோம். எப்படியென்றால், பாதித் தூரத்தில் மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே இடத்தில் ஷூ லேஸ் அவிழ்ந்துவிடும். குனிந்து கட்டுவார்கள். பியூரிஃபாய் பிள்ளை போய்ச் சேர்ந்ததும் கட்டி முடித்து நிமிர்வார்கள். இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. அம்மாக்கள் காலையில் தலை சீவிவிடும்போது காதில் சொல்லி அனுப்புவது அவ்வளவுதான். என் அம்மாவும் சொல்லியிருக்கிறாள்.

ஒரே ஒரு தடவை இது பிசகியது. டீக்கனின் தம்பி ஆமோஸ் ஓடிய வருஷம். ஆமோஸுக்கு இழுப்பு நோய். பாதி வழியில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டான். மற்ற பிள்ளைகளும் விசுவாசமாக உட்கார்ந்து லேஸ் கட்டினார்கள். அவன் எழுந்திருக்கவேயில்லை. கட்டினார்கள், அவிழ்த்தார்கள், மறுபடி கட்டினார்கள். கடைசியில் பாதிரியாரின் மகன், சலித்துப்போய், நடந்தே போய்க் குச்சியை நட்டான். அன்றோடு ஆமோஸிடம் அவன் அப்பா பேசுவதை நிறுத்தினார். லேமுவேலும் நிறுத்தினார், அப்பா செத்த பிறகு அந்த வேலையை ஒற்றை ஆளாகப் பார்த்தார். ஆமோஸ் இப்போது கன்ஸாஸில், விச்சிட்டாவில் இருக்கிறார்.

இந்த வருஷம் ஓடவேண்டியது டீக்கனின் ஒரே மகள் ஓஸெல்லா. அவளுக்கும் இழுப்பு. வகுப்பில் கரும்பலகையைத் துடைத்தாலே சுண்ணாம்புத் தூளுக்கு இருமுவாள், சட்டைப் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து உறிஞ்சிக்கொண்டு, "ஒண்ணுமில்ல மிஸ், நீங்க நடத்துங்க" என்பாள். அந்தப் பிள்ளைமேல் எனக்குத் தனிப் பிரியம். டீச்சருக்கு அப்படி இருக்கக்கூடாது என்பார்கள். சொல்கிறவர்கள் வந்து ஓஸெல்லாவுக்கு ஒரு நாள் பாடம் நடத்திப் பார்க்கட்டும்.

ஓஸெல்லாவுக்கு இழுப்பு இருந்தால் என்ன, மற்றவர்கள்தான் லேஸ் கட்டுவார்களே என்று ஊர் நிம்மதியாக இருந்தது. அப்போது பார்த்து டல்ஸா நகரத்திலிருந்து ஒரு குடும்பம் குடிவந்தது. அவர்கள் மகள் ரெனிட்டா என் வகுப்பில் சேர்ந்தாள். மான்குட்டி மாதிரி ஓடுவாள். ரெனிட்டாவின் அம்மாவிடம் லேஸ் விஷயத்தைப் பக்குவமாக எடுத்துச் சொல்ல சர்ச் பெண்கள் பீச் பழம் அடைத்துச் சுட்ட ஓர் அப்பத்துடன் போனார்கள். அந்த அம்மாள் அப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "எம் பொண்ணு ஷூவுல லேஸே இல்லையே, ஒட்டுற பட்டதான இருக்கு" என்று சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து ஓஸெல்லா சரியாகச் சாப்பிடவில்லை. மதியம் தட்டில் பீன்ஸை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மிஸ், நான் தோத்துட்டா அப்பா எங்கிட்டயும் பேசமாட்டாரா?"

"அதெல்லாம் பேசுவாரு."

"ஆமோஸ் சித்தப்பாகிட்ட பேசலையே."

எனக்கு டீச்சர் பயிற்சி கொடுத்தவர்கள் இதற்குப் பதில் சொல்லித்தரவில்லை. "பீன்ஸத் தின்னு" என்றேன்.

இந்த நேரத்தில்தான் பாடம் அங்கே வந்து நின்றது. மேற்கே குடியேறிய வரலாறு. பாடப்புத்தகத்தில் அதற்கு ஒரு முழு அத்தியாயம். மூடுவண்டிகள், தாடி வைத்த வெள்ளைக்காரர்கள், பொன்னட் தொப்பி கட்டிய வெள்ளைக்காரிகள், அவர்களுடைய மாடுகள். மாடுகளுக்கே ஒரு பக்கம் கொடுத்திருந்தார்கள். அத்தியாயத்தின் கடைசியில் ஒரு வரி: "வேறு சிலரும் வந்தனர்." அந்த வேறு சிலர் நாங்கள். எத்தனை வருஷமாக அந்த வரியை வாசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறேன். இந்த வருஷம் போகவில்லை. புத்தகத்தை மூடி மேஜைமேல் வைத்தேன்.

"எல்லாரும் வீட்ல போயி கேட்டுட்டு வாங்க. உங்க ஆளுங்க இங்க எப்படி வந்தாங்க, என்ன வேல பாத்தாங்க, மொத குளிர்காலத்துல என்ன தின்னாங்க."

மறுநாள் வகுப்பு சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது. எல்லார் வீட்டிலும் முதல் குளிர்காலத்தில் டர்னிப் கிழங்கு தின்றிருந்தார்கள். வேகவைத்த டர்னிப், சுட்ட டர்னிப், டர்னிப்பே இல்லாதபோது டர்னிப் தண்ணீர். தரையைத் தோண்டி அதற்குள் குடியிருந்திருக்கிறார்கள். கூரையிலிருந்து பாம்பு விழுமாம், சாப்பாட்டுத் தட்டில் விழுந்தால் மட்டும் எழுந்திருப்பார்களாம். ஒரு பையனின் கொள்ளுத்தாத்தா டெக்ஸஸிலிருந்து மாடு ஓட்டி வந்தவர். ஒருத்தியின் பாட்டிக்குப் பாட்டி இந்த வட்டாரத்தில் கறுப்பு வெள்ளை என்று பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளையும் பிரசவம் பார்த்து எடுத்தவள். டாலிவர் வீட்டுப் பையன் எழுந்து நின்று, "எங்க தாத்தாவோட தாத்தா குதிரைப்படையில சோல்ஜர். இங்க திருட்டுத்தனமா வந்து குந்தினவங்கள வெரட்டுறது அவரு வேல. எல்லாரையும் வெரட்டிட்டு அவரு இங்கயே தங்கிட்டாரு" என்றான்.

மாடு ஓட்டுகிறவர்களுக்குச் சமைத்த ஒரு கொள்ளுப்பாட்டி யாரோ ஒருவனைச் சுட்டிருக்கிறாள். ஏன் சுட்டாள் என்று கேட்டேன். "அதோட நிறுத்திக்கன்னு அம்மா சொன்னா, மிஸ்" என்றாள் பிள்ளை.

ரெனிட்டா கை தூக்கினாள். "அதுக்கு முன்னாடி இந்த நெலம் யாரோடது?"

"மஸ்கோகி, செமினோல்னு பூர்வகுடி ஆளுங்களோடது. அவங்களையும் வேற எடத்துலருந்து வெரட்டித்தான் இங்க கொண்டுவந்து விட்டாங்க."

"அவங்கள யாராவது கேட்டாங்களா?"

"கவர்மெண்டு காகிதத்துல கேட்டுச்சு."

"நாம கேட்டோமா?"

"இல்ல" என்றேன். அதுவும் பாடம்தான்.

ஓஸெல்லா மட்டும் எதுவும் சொல்லவில்லை. அவள் வீட்டுக்கு நான் ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கொடுத்திருந்தேன். அவ்வளவு தூரம் ஓடிய குதிரை குளிர்காலத்தில் என்ன தின்றது? ஊரிலேயே குதிரையோடு வந்தது அவர்கள் ஒரு வீடுதான் என்பதால் கேட்டேன், வேறு கெட்ட எண்ணம் இல்லை. மணி அடித்துப் பிள்ளைகள் போன பிறகு என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மிஸ், இல்லாத குதிர என்ன திங்கும்?"

"என்ன சொல்றே?"

"எங்ககிட்ட குதிரையே இல்ல மிஸ். அம்மா சொன்னா. ராத்திரி எனக்கு மூச்சு முட்டும்போதெல்லாம் அம்மா அந்தக் கதையச் சொல்லித்தான் முதுகத் தடவுவா. அப்சலோம் தாத்தா குதிரையில வரல. ஒளிஞ்சு வந்தாரு. கோட்டுலருந்து ஓடல. ஓட்டத்துக்கு முந்தின நாளே வந்துட்டாரு." குரலைத் தாழ்த்தினாள். "அப்பாவுக்குத் தெரியும்னு அம்மாவுக்குத் தெரியும். ஆனா அப்பா முன்னாடி சொல்லக்கூடாது."

ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தேன். முனிசிபாலிட்டி ஆள் ஏணி போட்டுக் குதிரையின் மூக்குக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தான்.

"இத நான் எழுதணுமா?"

"உன் வீட்டுக் கத. எழுதணுமா வேணாமான்னு நீதான் முடிவு பண்ணணும். நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

நான் சொல்லவில்லை. ஆனாலும் குதிரை என்ன தின்றது என்று டீச்சர் கேட்டாள் என்ற செய்தி எங்கள் ஊரில் தங்குமா? அந்த வாரமே டீக்கன் வகுப்பறைக்கு வந்துவிட்டார். பெரியவர்கள் உட்கார என்னிடம் நாற்காலி இல்லை. பிள்ளைகளுடைய நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் தாடைக்கு வந்தன.

"வெர்லீன், குதிர என்ன தின்னுச்சுன்னு கேட்டியாமே."

"கேட்டேன், டீக்கன்."

"அது சரித்திரம். சரித்திரத்துக்கெல்லாம் தீனி வச்சுக்கிட்டிருக்க வேணாம்."

"சரிங்க."

"மே மாசம் குழு கூடுது. உன் வேலைக்கு மறுபடி கையெழுத்துப் போடறது நான்தான். நீ நல்லா சொல்லிக்குடுக்கறே, அதுல ஒரு குறையும் இல்ல. கொஞ்சம் கம்மியா சொல்லிக்குடு."

இதற்குத் தலையாட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். வீட்டு வாடகை இருக்கிறது, கார் கடன் இருக்கிறது. எனக்கு வாய் நிற்காது.

"டீக்கன், புத்தகம் எழுதினவன் நம்மள ஒரு வரியில முடிச்சிட்டான். அவன் மேல எனக்குக் கோவம். ஆனா நாம என்ன பண்ணிட்டோம்? அப்சலோம்ங்கற மனுசன விட்டுட்டு அவரோட குதிரையக் கும்பிட்டுக்கிட்டிருக்கோம்."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "நான் உன் வகுப்புப் பிள்ளைங்க வயசுல ஹார்லோவுக்குச் சந்தைக்குப் போவேன்" என்றார். ஹார்லோ பக்கத்து ஊர், வெள்ளைக்காரர்களுடையது. "அங்க பசங்க சொல்லுவானுங்க. உங்க ஆளுங்கல்லாம் எலி மாதிரி பதுங்கிப் பதுங்கி வந்தவங்கதானடான்னு. நான் அழுதுக்கிட்டே வந்தேன். எங்கப்பா கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து அந்தக் குதிர முன்னாடி நிறுத்தினாரு. பாருடா, நாம இதுல வந்தோம்ன்னாரு. அன்னிக்குத்தான் நான் நிமிந்து நடந்தேன். அத எங்கிட்டருந்து புடுங்காத."

எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு கேட்டேன். "ஓஸெல்லாவ ஓட வைக்கப் போறீங்களா?"

"ஓடுவா. பியூரிஃபாய் ஓடுவா."

"ஆமோஸ் ஓடினாரா?"

டீக்கன் எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. பின்னால் போய்ப் பிடித்து இழுத்துவிட்டேன். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

ஊர்நாள் வந்தது. வாத்தியக்காரர்கள், மீன் வறுக்கிற எண்ணெய் வாசனை, எங்கெங்கோ பிழைக்கப் போனவர்களெல்லாம் திரும்பி வந்து ஒருவருடைய காரை ஒருவர் நோட்டம் விடுவது, எல்லாம் வழக்கப்படி நடந்தது. பிள்ளைகளைச் சுண்ணாம்புக் கோட்டில் நிறுத்தினேன். ஒவ்வொருவர் கையிலும் வீட்டுப் பெயர் எழுதிய குச்சி. ரெனிட்டா குதிகாலை உயர்த்தி உயர்த்தி நின்றாள். ஓஸெல்லாவைக் காணோம்.

டீக்கன் ஊர்வலத்துக்கான வெள்ளைச் சூட்டில், கையில் சத்தத் துப்பாக்கியோடு நின்றார். அவர் மனைவி க்ளாடீனிடம் போய்க் கேட்டேன்.

"பிள்ள எங்க?"

"காலையிலயே எந்திரிச்சு, ஓடிப் பழகப் போறேன்னு போனா. இங்கதான் இருப்பான்னு நெனச்சேன்." அவள் கூட்டத்தில் முகம் முகமாகத் தேட ஆரம்பித்தாள்.

சர்ச் மணி அடித்தது. நண்பகல். அந்தத் துப்பாக்கி எங்கள் ஊரில் நண்பகலுக்கு அப்புறம் வெடித்ததே இல்லை. டீக்கன் கூட்டத்தைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் துப்பாக்கியை வெடித்தார்.

பிள்ளைகள் ஓடினார்கள். பாதித் தூரம் வந்ததும் எல்லோரும் குனிந்து லேஸ் கட்டினார்கள். எந்தப் பியூரிஃபாயும் ஓடாத வருஷத்தில், யாருக்காகக் கட்டுகிறோம் என்று தெரியாமலேயே கட்டினார்கள். ரெனிட்டா மட்டும் நிற்காமல் மூலை மனைக்குப் போனாள். போனவள் குச்சியை நடாமல் அப்படியே நின்றுவிட்டாள்.

"மிஸ், இங்க ஏற்கெனவே ஒருத்தி உக்காந்திருக்கா."

கூட்டம் முழுக்க அங்கே போனது. ஓடைக்கரைப் புல்லுக்கு நடுவில் ஓஸெல்லா உட்கார்ந்திருந்தாள். கழுத்து வரைக்கும் சேறு. பக்கத்தில் பியூரிஃபாய் என்று எழுதிய குச்சி ஆழமாக நடப்பட்டிருந்தது. உதடு நீலம் பாரித்து, நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது.

டீக்கன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "எப்ப வந்த?"

"வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடி."

"எங்க இருந்த?"

"ஓடைக்குள்ள."

"இது கள்ளாட்டம்" என்று பின்னால் ஒரு பெண் சொன்னாள். அவளுக்கு இரண்டு மகன்கள், இருவரும் லேஸ் கட்டியவர்கள்.

"குச்சியப் புடுங்கு" என்றார் டீக்கன்.

"மாட்டேன்ப்பா."

"ஓஸெல்லா, நான் ஓடித்தான் ஜெயிச்சேன். எங்கப்பா ஓடித்தான் ஜெயிச்சாரு. நம்ம வீட்ல யாரும் இப்படித் திருட்டுத்தனம் பண்ணதில்ல."

கூட்டத்தில் ரூஃபஸ் டாலிவர் தொண்டையைச் செருமினார். சலூன் வைத்திருப்பவர், டீக்கனோடு ஒரே வகுப்பில் படித்தவர்.

"என்ன ரூஃபஸ்?"

"ஒண்ணுமில்ல, லேமுவேல். நீ பேசு."

"எங்கூட நீயும்தான ஓடின. சொல்லு. உனக்கு லேஸ் அவுந்துச்சா இல்லையா?"

ரூஃபஸ் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டார். "அன்னிக்கு மழ பெஞ்சிருந்துச்சு. நான் போட்டிருந்தது ரப்பர் பூட்ஸு. லேஸே கெடையாது."

"குனிஞ்சு கட்டினியே."

"கட்டினேன். எங்கம்மா பாத்துக்கிட்டிருந்தா."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் டீக்கனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கையிலிருந்த துப்பாக்கியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கோட்டுப் பையில் போட்டார், அது பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

ஓஸெல்லா பேசினாள். நிறுத்தி நிறுத்தித்தான் பேச முடிந்தது. "அப்சலோம் தாத்தாவும் இப்படித்தானப்பா வந்தாரு. அவரு ஓட்டத்துக்கு முன்னாடியே போயி கோட்டுலதான் எடம் புடிச்சு நின்னாரு. துப்பாக்கி வச்சிருந்தவங்க, உன்ன மாதிரி ஆளுக்கு இங்க எடம் இல்லன்னு அடிச்சு வெரட்டினாங்க. குதிரையும் இல்ல. ஓடவும் முடியாது. அவருக்கு இழுப்பு."

டீக்கன் அசையவில்லை.

"என்னய மாதிரியே" என்றாள். "அதனால முந்தின நாளே வந்து இந்த ஓடைக்குள்ள படுத்துக்கிட்டாங்க, அவரும் அவரு பொண்டாட்டி கெஸாயா பாட்டியும். சோல்ஜருங்க தேடிக்கிட்டு வந்தாங்க. அப்பப் பாத்து அவருக்கு இருமல் வந்துருச்சு. பாட்டி தன் பாவாடையச் சுருட்டி அவரு வாயில அடச்சு, அவரு மேலயே படுத்துக்கிட்டாங்க. சோல்ஜருங்க போற வரைக்கும். அவரு செத்துட்டாரோன்னு பாட்டி நெனச்சாங்களாம்." கழுத்திலிருந்த சேற்று ஸ்கார்ஃபைக் காட்டினாள். "எனக்கும் வந்துச்சுப்பா. இத வச்சு அடச்சுக்கிட்டேன். ஒரு தடவகூட இருமல."

க்ளாடீன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அதைச் சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

"நான் தோத்துட்டேனாப்பா? தோத்துட்டா எங்கூட பேசமாட்டீங்களா?"

டீக்கன் அந்த வெள்ளைச் சூட்டோடு சேற்றில் உட்கார்ந்தார். "இன்ஹேலர் எங்க?"

"தண்ணியில போயிடுச்சு."

என் பையில் எப்போதும் ஒன்று இருக்கும். கொடுத்தேன். அவரே அவள் வாயில் வைத்து அழுத்தினார். இரண்டு தடவை உறிஞ்சி அவள் மூச்சு கொஞ்சம் சமனாகும்வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு ஓடையைப் பார்த்தார்.

"எந்த எடத்துல படுத்திருந்த?"

அவள் ஒரு புதரைக் காட்டினாள்.

"அங்க இல்லம்மா. இன்னும் கொஞ்சம் மேல. அந்த சிக்கமோர் மரத்து வேருக்குக் கீழ ஒரு பொந்து இருக்கு. காத்து அடிக்காது. ரெண்டு பேரு படுக்கலாம்."

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

"எங்கப்பா காட்டினாரு. குதிரையக் காட்டின அதே நாளு. ஊருக்கு அதச் சொல்லு, உனக்குள்ள இத வச்சுக்கன்னாரு." சேற்றுக் கையைச் சூட்டில் துடைத்தார். "ஆமோஸுக்கும் அந்த எடம் தெரியும். தோத்த அன்னிக்கு இருட்டுற வரைக்கும் அங்கதான் இருந்தான். அவன் இருமறது எனக்குக் கேட்டுச்சு. நான் கூப்பிடல."

இது அவர் மகளுக்குச் சொன்னது. ஆனால் ஊர் முழுக்கக் கேட்டது.

அந்த வருஷம் முதல் வண்டியில் யார் உட்காருவது என்று முடிவாகவில்லை. யாரைக் கேட்டாலும் "நீங்க உக்காருங்க" என்றார்கள். கடைசியில் ஓஸெல்லாவையும் ரெனிட்டாவையும் ஏற்றிவிட்டோம். ஒருத்தி முழுக்கச் சேறு, இன்னொருத்தி ஊர்வலம் முடியும்வரை, "நான் ஜெயிச்சேனா இல்லையா, யாராவது சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். இன்னும் யாரும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை.

மே மாதம் குழு கூடியது. டீக்கன் என் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். கம்மியாகச் சொல்லிக்கொடு என்ற பேச்சே வரவில்லை. குதிரையை இடித்துவிடலாமா என்று ஒருவர் கேட்டார். பிள்ளைகளிடம் கேட்டோம். வெள்ளையடிக்கும் நாளில் வகுப்பு கிடையாது, ஐஸ்கிரீம் உண்டு, அதனால் வேண்டாம் என்று ஒருமனதாகச் சொன்னார்கள். குதிரை இருக்கிறது. இப்போது அது ஏறக்குறைய பசுதான்.

அடுத்த ஊர்நாளுக்கு ஓட்டம் இல்லை. பிள்ளைகள் ஓடைக்குள் ஒளிந்துகொள்ளவேண்டும், சோல்ஜர் கரையில் தேடுவார், சத்தம் போடாமல் கடைசிவரை இருப்பவர் ஜெயித்தவர். பியூரிஃபாய்கள் ஜென்மத்துக்கும் ஜெயிக்க முடியாத ஆட்டம். இந்த விதியைக் கொண்டுவந்ததே டீக்கன்தான். முதலில் ரெனிட்டா கரையில் நின்று, இது மஸ்கோகி, செமினோல் மக்களின் நிலம், அவர்களை நாம் கேட்கவில்லை என்று உரக்கச் சொல்லவேண்டும். அது ரெனிட்டா போட்ட விதி, அவளை யாராலும் எதிர்த்துப் பேச முடியாது.

டீக்கன்தான் சோல்ஜர். குதிரைப்படைத் தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு புதராகக் கம்பால் விலக்கிக்கொண்டு வந்தார். ஓடைக்குள் சத்தமே இல்லை. கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அப்போது பின்னாலிருந்து ஓர் இருமல் கேட்டது. ஓடைக்குள்ளிருந்து இல்லை. வண்டிகள் நின்ற பக்கமிருந்து. வறண்ட, நீளமான, இழுத்து இழுத்து நிற்கிற இருமல். கன்ஸாஸ் நம்பர் போட்ட ஒரு கார் அங்கே நின்றது. யார் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

டீக்கன் கம்பை ஊன்றி நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆமோஸு" என்றார், குரலைத் தாழ்த்தி. "வாய மூடு. பிள்ளைங்க ஒளிஞ்சிருக்காங்க."

அந்த நான்காம் வகுப்பு ஓட்டத்துக்குப் பிறகு தம்பியிடம் அவர் பேசியது அதுதான் முதல் தடவை.